செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

ஜோயல்,

காலை ட்ரிப் பெண்களை ஷூ கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உன் மெசேஜ் வந்தது. "அம்மா, இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்க வேணாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. கொஞ்ச நாள் போகட்டும். அன்னிக்கு வண்டி நின்னதுல இருந்து அத்தை எல்லாம் ஒரு மாதிரி பேசறாங்க. எனக்கும் மனசு சரியில்ல." பாஸ்டரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. உன்னிடம் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் எத்தனையோ வாசல்களில் இப்படி ஒரு வண்டி நின்றிருக்கும், அதிலிருந்து ஒரு பெண் பேசாமல் இறங்கியிருப்பாள். பெயர்களை மாற்றிவிட்டேன். ஜோயல் யார் என்று உனக்குத் தெரிந்தால் போதும். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று சபை முன்னால் கேட்பார்கள். முதல் ஓலைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தடை சொன்னது மாப்பிள்ளையே, அதுவும் போனில், அம்மாவுக்கு மட்டும்.

நாம் ஜாதகம் பார்க்காதவர்கள், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காதவர்கள் என்று உன் ஸ்டெல்லா அத்தை பக்கத்து வீட்டில் போய்ப் பெருமை பேசுவாள். ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் அந்தப் பெருமை எங்கே போனது பார். சகுனம் என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டோம். "மனசு சரியில்ல" என்போம். "கர்த்தர் ஏதோ காட்டுறார்" என்போம். வார்த்தையை மாற்றிவிட்டோம், வேலை அதே வேலைதான்.

வண்டி ஏன் நின்றது என்பதை முதலில் பேசிவிடுவோம். நான் ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தவள் என்பது உனக்குத் தெரியும். எங்களை ஏற்றிப்போன டிரைவர் பெண்களிடம் பேசிய பேச்சு தாங்காமல் கம்பெனியில் போய்ச் சொன்னோம். "வேற டிரைவர் கிடைக்கல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளப் பிடிக்காமல்தான் நான் லைசென்ஸ் எடுத்தேன். கடன் வாங்கி இந்தப் பழைய வேனை வாங்கி, அதே பெண்களைப் பேரணாம்பட்டு ரோட்டுக் கிராமங்களிலிருந்து ஏற்றி வர ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் எனக்கு ஓட்டத்தான் தெரியும். பானெட்டுக்குள் இருப்பது என்ன என்று தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலை, ஒரு கிராமத்து முனையில் வண்டி இதே மாதிரி நின்றது. செல்ஃப் எடுத்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. கம்பெனி கேட் மூடிவிட்டால் வண்டிக்குள் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் அரை நாள் போய்விடும். ரோட்டில் போகிற ஒவ்வொருத்தனும் நின்று சிரித்துவிட்டுப் போனான். "பொம்பள கையில வண்டி குடுத்தா இப்படித்தான்" என்றான் ஒருவன். அதை நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வண்டிக்குள்ளிருந்து வந்தது. கடைசியாக ஏறியவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், புருஷனை இழந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். "அவ ஏறுற வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு" என்று பின் சீட்டில் ஒரு குரல். மறுநாள் அவள் அந்த முனையில் நிற்கவில்லை. ஒரு ஸ்டாப் தூரம் நடந்து போய், கூட்டத்தோடு கூட்டமாக ஏறினாள், கடைசி ஆளாக ஏறக்கூடாது என்பதற்காக. அவளைக் குற்றம் சொன்னவர்களும் அவளைப் போலவே பசை வாசனையில் பத்து மணிநேரம் நிற்கிற பெண்கள்தான் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

காரணம் என்ன தெரியுமா? பெட்ரோல் பம்புக்குப் போகிற ஃப்யூஸ் போயிருந்தது. நகத்தளவு பிளாஸ்டிக். பைபாஸில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இன்ஜின் மூணே மூணுதான் கேக்கும்க்கா. பெட்ரோல், காத்து, நெருப்பு. அதையும் நேரத்துக்குக் கேக்கும். செல்ஃப் எடுக்குதுன்னா பேட்டரி ஓகே. அப்ப மூணுல எது வரலன்னு பாரு. அத விட்டுட்டுக் கண்டதையும் மாத்துனா பேஜாரு." அந்த ஃப்யூஸை நான் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் வண்டியில் எல்லாருக்கும் காட்டினேன். "இதுதான் வண்டிய நிறுத்துச்சு, அவ இல்ல" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த நாளிலிருந்து தன் முனையிலேயே ஏறினாள். வண்டியைப் பற்றி எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது அப்போதுதான். காரணம் கண்டுபிடிக்காத வண்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

இப்போது நிச்சயதார்த்தத்தன்றைக்கு வருகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் பெண் வீட்டில், ரூத் வீட்டில், ஜெபம் முடிந்து, மோதிரம் மாற்றி, சாப்பாடும் முடிந்தது. "பிரியாணியில மசாலா ஜாஸ்தி, நம்ம பக்கம் மாதிரி வராது" என்று உன் அத்தை கை கழுவுகிற இடத்தில் சொன்னது அவர்கள் காதில் விழுந்திருக்கும். அதன் பிறகு எல்லாரும் கல்யாணப் புடவை எடுக்கப் போக வேண்டும். நம் குடும்பத்தில் நிச்சயம் முடிந்ததும் பெண்ணை மாப்பிள்ளை வீட்டு வண்டியில் முன் சீட்டில் உட்கார வைத்து, ஒரு சின்ன ஜெபம் செய்து கிளப்புவார்கள். ரூத் ஏறி உட்கார்ந்தாள். நீ புதுச் சட்டையோடு ஸ்டீயரிங்கில். நானும் அத்தையும் பின்னால். தெருவில் அவர்கள் சொந்தம் மொத்தமும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ சாவியைத் திருப்பினாய். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று உன் அப்பா ஜன்னலோரம் வந்தார்.

"ஒண்ணுமில்லப்பா, இப்ப ஆயிடும்."

மறுபடியும் திருப்பினாய். மறுபடியும். அப்போதுதான் உன் அத்தை வாயைத் திறந்தாள். "ஆம்பூர்ல இருந்து வர்ற வரைக்கும் கல்லு மாதிரி ஓடிச்சு. பொண்ணு ஏறி உக்காந்ததும் நின்னுடுச்சு பாரு." ரூத்தின் பெரியம்மா கேட்டருகே நின்றிருந்தார். "இன்னா சொன்னீங்க?" என்றார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. நடந்தத சொன்னேன்" என்றாள் அத்தை. "பழைய வண்டிய எடுத்துட்டு வந்துட்டு எங்க பொண்ண சொல்றீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. ரூத் கதவைத் திறந்து இறங்கினாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றாள். நீ அவள் பக்கம் திரும்பவே இல்லை. செல்ஃபைப் போட்டு அரைத்துக்கொண்டே இருந்தாய். நான்தான் பின்னாலிருந்து உன் தோளில் அடித்தேன். "நிறுத்துடா. செல்ஃப் மோட்டாரையும் எரிச்சிடப் போற."

உன் அப்பா ஆட்டோக்களைப் பிடித்து எல்லாரையும் கடைக்கு அனுப்பிவைத்தார், தானும் போனார். ரூத்தையும் கூப்பிட்டார்கள். "நீங்க போங்க. நான் ஆன்ட்டி கூட வர்றேன். புடவை எனக்குத்தான, நான் இல்லாம எடுத்துட மாட்டீங்க" என்றாள். பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போனது.

அப்புறம் நான் செய்ததை நீ அரைகுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய், போனில் ஒரு கண் வைத்துக்கொண்டு. அதனால் திரும்பவும் சொல்கிறேன். என்றைக்காவது நீ தனியாக ரோட்டில் நிற்கும்போது உதவும். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எனவே பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. சாவி படம் போட்ட விளக்கு மினுக்காமல் அணைந்துவிட்டது, எனவே சாவியை வண்டி ஏற்றுக்கொண்டுவிட்டது. நீ அத்தனை முறை அரைத்தும் சைலன்சர் வாயில் மூக்கை வைத்தால் பெட்ரோல் வாசனையே இல்லை. நெருப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் எரியாத பெட்ரோல் அங்கே நெடியடித்திருக்கும். ஆக, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. உன்னைச் சாவியை ஆன் மட்டும் செய்யச் சொன்னேன், திருப்பாமல். நல்ல வண்டியில் அப்போது பின்னால் டேங்கிலிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டு நிற்கும். அது பம்ப் பெட்ரோலைத் தள்ளிவைக்கிற சத்தம். காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

பழைய அனுபவத்தில் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி ஆன் செய்யச் சொன்னேன். டிக் என்று துடித்தது. கரண்ட் அதுவரைக்கும் வருகிறது. இந்த இடத்தில்தான் ரூத் என் பக்கத்தில் குனிந்தாள். "ஆன்ட்டி, எங்க ஆஸ்பத்திரி வார்டுல யாராவது மயங்கி வந்தா முதல்ல ஹிஸ்டரி கேப்போம். இன்னா சாப்டாங்க, எங்க போனாங்க, இதுக்கு முன்னாடி வந்துருக்கான்னு. வண்டிக்கு அதெல்லாம் கேப்பீங்களா?"

"கேக்கணும்மா. போன வாரம் ரெண்டு நாள் காலையில ரெண்டாவது சாவிக்குத்தான் எடுத்துச்சு. பம்புக்கு வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

"அதுக்கு முன்னாடி? தண்ணியில போச்சா? வேற ஏதாவது ஏத்துனீங்களா?"

"நான் பொண்ணுங்கள மட்டுந்தான் ஏத்துறேன்" என்று சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தேன். "பக்ரீத் லீவுல நீ எடுத்துட்டுப் போனியே, ஏலகிரிக்கு. ஏதாவது ஏத்துனியா?"

"ஒண்ணும் ஏத்தலயே" என்றாய். போனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாய்.

நடு சீட்டுக்குக் கீழே இருக்கிற மூடியைத் திறந்து, பம்புக்குப் போகிற சாக்கெட்டைக் கழற்றினேன். என் பையில் எப்போதும் கிடக்கும் இரண்டு ஒயர் வைத்த பல்பை எடுத்தேன். ஒரு முனையைக் கரண்ட் வருகிற ஒயரில் வைத்து, மறு முனையை பாடியின் சுத்தமான இரும்பில் வைத்தால், நீ ஆன் செய்யும்போதெல்லாம் பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த மறு முனையைப் பம்பின் சொந்தக் கருப்பு ஒயரில் வைத்தால் மங்கலாகச் சிவந்து அணைந்தது. ரூத் உடனே பிடித்துக்கொண்டாள். "வர்ற வழி நல்லாருக்கு. திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு." அதேதான். எர்த் கிடைக்கவில்லை. கருப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டுக்குக் கீழே, பாடியில் ஒரு போல்டில் போய் முடிந்தது. மேட்டைத் தூக்கினேன்.

வெள்ளையாகப் பூத்திருந்தது. போல்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் கட்டி தட்டிப்போய், ஒயர் முனை கையில் உதிர்ந்தது. மேட்டின் அடிப்பக்கம் இன்னும் ஈரம். ஓரமாகக் கல்லுப்பு. உப்போடு ஒட்டிக்கொண்டு ஆட்டு முடி ஒரு கொத்து. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ரூத் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். நீ "ஒரு கால் பண்ணிட்டு வந்துடறேன்" என்று தெருமுனைக்கு நடந்தாய். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் உள்ளே போய் ஒரு செம்பு சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். கழுவி, துடைத்து, எமரி பேப்பரால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, ஒயருக்குப் புது முனை வைத்து முறுக்கினேன். ஆன் செய்ததும் பம்ப் முனகியது. இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது. என் பட்டுப்புடவையில் ஒரு கறை, அது இன்னும் போகவில்லை.

இதுவரைக்கும் நடந்தது வண்டியின் கதை. இனி உன் கதை. ஜவுளிக்கடையில் நுழைந்ததும் அத்தை கேட்டாள், "இன்னாதான் ஆச்சாம் வண்டிக்கு?" நீ சொன்னாய்: "ஒண்ணுமில்ல அத்தை. தானா சரியாயிடுச்சு."

தானாக. நானும் ரூத்தும் பக்கத்தில் நிற்கிறோம், என் நகத்தில் இன்னும் துரு இருக்கிறது, நீ தானாக என்கிறாய். "பொண்ணு இறங்கினதும் தானா சரியாயிடுச்சா" என்றாள் அத்தை. நான் விடவில்லை. "எர்த் ஒயர் துரு புடிச்சிருந்துச்சு ஸ்டெல்லா, நான்தான் சரி பண்ணேன்" என்றேன். "இத்தன வருஷம் புடிக்காத துரு இன்னிக்குத்தான் புடிச்சுதா அண்ணி?" என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நீ. நீ ஒரு புடவையின் பார்டரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நான் தோல் வியாபாரம் செய்கிற வீட்டுப் பையன் இம்ரானிடம் போய்க் கேட்டேன். உன் தோஸ்த் எதையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "ஜோயல் மட்டும் வரலன்னா அன்னிக்கு செத்தோம்மா. ஊர்ல ஒரு டெம்போ கிடைக்கல. தோல் எல்லாம் வீட்டு வாசல்ல கிடக்குது, வெயில் ஏறுது. அவன்தான் உங்க வண்டிய எடுத்தாந்து தோல் மண்டிக்கும் வீட்டுக்குமா அடிச்சான். உப்பு போடறதுக்கும் கூட நின்னான்மா." அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது, தெரியுமா? உன் ஏலகிரி இதுதான். பக்ரீத் அன்றைக்கு ஒரே நாளில் ஊரில் வந்து குவிகிற தோலை உடனே உப்பு போட்டு மண்டிக்குக் கொண்டுபோகாவிட்டால் அழுகிவிடும், ஒரு குடும்பத்தின் வருஷ வியாபாரம் போய்விடும். நீ நல்ல காரியம்தான் செய்தாய். கேட்டிருந்தால் நானே வந்து ஓட்டியிருப்பேன்.

"தார்ப்பாய் போடலயா?" என்று இம்ரானைக் கேட்டேன். "போட்டமேம்மா. ஒரு சொட்டு கீழ இறங்கல. சாயங்காலம் அவன்தான் வாசன வரக்கூடாதுன்னு ஹோஸ் பைப்ப உள்ள விட்டு அடிச்சான். வேணாம்டா, துடைச்சா போதும்னேன், கேக்கல" என்றான். இப்போது புரிகிறதா? தோல் வண்டியை நிறுத்தவில்லை. தார்ப்பாயின் மேல் உலர்ந்து கிடந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மேட்டுக்கு அடியில் நீயே அனுப்பிவைத்தாய். மேலே மல்லிகை சென்ட் பாட்டிலைத் தொங்கவிட்டாய். முதல் முறையாக வண்டியைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறானே என்று நான் சந்தோஷப்பட்டேன். கீழே உப்புத்தண்ணீர் வாரக்கணக்கில் அந்த போல்டைத் தின்றுகொண்டிருந்தது. நீ மறைத்ததுதான் வண்டியை நிறுத்தியது.

ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். நீ ஒன்பதாவது படிக்கும்போது "ஸ்கூல் கேட்டுகிட்ட நிறுத்தாதம்மா, முனையிலயே இறக்கிவிடு" என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, சிறுவன் என்று விட்டேன். இன்றைக்கு வருகிறது. ரூத் வீட்டில் நீ ஷூ எக்ஸ்போர்ட் ஆபீஸ், வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங். உன் அப்பா "கம்பெனியில" வேலை. தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்துபோனவர் என்று நீ சொன்னதில்லை. நம் ஊர்த் தண்ணீரும் நம் ஆட்களின் தோலும் போய்த்தான் அந்த ஷூ பளபளக்கிறது. ஷூவைக் கண்ணாடிக்குள் வைத்து லைட் போடுகிறவன் வெட்கப்படுவதில்லை. அதைப் பதப்படுத்தியவனும் தைத்தவளும் வெட்கப்பட வேண்டும் என்று யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நம் வாசனை பிடிக்காததற்குத் தோல் மட்டும் காரணமில்லை என்பது உனக்குத் தெரியாதா? அவர்களுக்கு முன்னால் நல்ல பெயர் எடுப்பதற்காக, வீட்டுக்கு வரப்போகிற ஒரு பெண்ணின் தலையில் பழி விழுந்தபோது அந்தப் பழியை நீ குடையாகப் பிடித்துக்கொண்டாய். அத்தை சொன்னது முட்டாள்தனம். நீ செய்தது அதைவிடக் கேவலம். அவளுக்குக் காரணம் தெரியாது, உனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். ரூத் எனக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, எங்க தாத்தாவும் ராணிப்பேட்டையில தோல் ஷாப்லதான் நின்னாரு. அப்பா அத வெளிய சொல்ல மாட்டாரு. மாடி வீடு கட்டுனதும் மறந்துட்டாரு. எனக்குத் தெரியும். வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம்னு யாரோ சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவேன். காரணம் தெரிஞ்ச ஆளு பக்கத்துல உக்காந்துட்டு வாயத் திறக்கல பாருங்க, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. நாளைக்கு எனக்குக் குழந்த உடனே பொறக்கலன்னாலும் இப்படித்தான புடவை பார்டரப் பாத்துட்டு நிப்பாரு?" அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்காகப் பேச எனக்குத் தெரியாமல் இல்லை. நான் உன் ஒயருக்கு முனை வைத்து முறுக்கினால் அது என் வேலை ஆகிவிடும், உன் வாயில் கரண்ட் வராது.

அதனால் இப்படிச் செய்வோம். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கு. நான் வண்டியோடு ஸ்டேஷனில் இருப்பேன். உன் அத்தையையும் கூட்டி வருகிறேன். "எதுக்கு அண்ணி நான்?" என்று கேட்டாள். "நீதான வண்டி நின்னதப் பாத்த, கிளம்பறதையும் பாரு" என்று சொல்லியிருக்கிறேன். நேராகச் சத்துவாச்சாரி. ரூத் வெளியே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வண்டியில் ஏறுகிறேன் என்று சொல்லவில்லை. அவள் வீட்டாரும் இருப்பார்கள், அந்தப் பெரியம்மா உட்பட. அந்த வாசலில், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, தோல் ஏற்றியது நான், கழுவியது நான், பேசாமல் இருந்ததும் நான் என்று சொல். சுருக்கமாகச் சொல்லலாம், மெல்லச் சொல்லக் கூடாது. உனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால் அதையும் அங்கேயே நேராகச் சொல்லிவிடு, அவள் தாங்கிக்கொள்வாள், அவள் அப்படிப்பட்டவள். வண்டி மேல் சாக்கு வைத்து மட்டும் ஓலையை நிறுத்த விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தடை உண்டா என்று கேட்கும்போது, எழுந்து நின்று தடை மாப்பிள்ளையின் வாயில்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அதற்கு வேலை வராது என்று நம்புகிறேன். தோஸ்துக்காக வெயிலில் நின்று உப்பு போட்டவன் நீ. அவ்வளவு செய்ய முடிந்தவனுக்கு நாலு வார்த்தை பேச முடியாதா என்ன?

முன் சீட் காலியாக இருக்கும். அதில் நானும் உட்கார மாட்டேன், அத்தையையும் உட்கார விடமாட்டேன். நீ பேசி முடித்த பிறகு அவள் ஏறினால் ஏறட்டும். சாவியை ஆன் செய், உடனே திருப்பாதே. பின்னால் பம்ப் முனகுவது உன் அத்தைக்கும் கேட்கட்டும். அப்புறம் திருப்பு. வண்டியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

அம்மா